கேட்டுச்சொல்றேன் அக்காவின் கடை

பேராசிரியர் அம்மா, எங்கள் அக்காவின் கடை போனதற்கு நீங்கள்தான் காரணம். ரோட்டை அகலப்படுத்தியவர்களை நான் ஏற்கெனவே திட்டி முடித்துவிட்டேன். அவர்கள் திட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருப்பது நீங்கள்.

உங்களுக்கு அவளை ஞாபகம் இருக்காது. இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கும் அவளைத் தெரியாது. அதனால் முதலில் அவள் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும், வாய் கூசாமல் பொய் சொல்லி, அந்தப் பொய்யை வைத்தே ஒரு கடையை நேர்மையாக நடத்திய ஆள் அவளைத் தவிர வேறு யாரும் கிடையாது. அவளுடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டுக்குத் தெரியும். எங்களுக்கு அவள் கேட்டுச்சொல்றேன் அக்கா.

மண்ணூரைத் தாண்டி, கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிடும் வளைவில் எங்கள் கடை வரிசை இருந்தது. மேலே தகரம், பின்னால் சாக்கடை, முன்னால் லாரித் தூசி. நான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு செல்போன் பாகக் கம்பெனிக்கு லைன் வேலைக்கு வந்தவள். கான்டிராக்ட் முடிந்ததும் ஊருக்குப் போகப் பிடிக்காமல், ஒரு தையல் மெஷினை வாங்கி அக்கா கடைக்குப் பக்கத்தில் போட்டேன். கம்பெனிகள் யூனிஃபார்மை இரண்டே அளவில்தான் தைக்கின்றன. ஒன்றில் இரண்டு பேர் நுழையலாம். இன்னொன்றில் அரை ஆள்தான் நுழையலாம். அந்த அநியாயத்தில் ஓடியது என் பிழைப்பு.

அக்காவுடையது சாப்பாட்டுக் கடை. காலையில் இட்லி, பொங்கல். மத்தியானம் குஸ்காவும் லெமன் சாதமும். சாயங்காலம் கல்தோசை. மேரி என்று ஒரு பெண்ணும், மண்ணூரிலிருந்து வரும் இன்னும் இரண்டு பெண்களும் அவளிடம் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். அக்கா கடிகாரம் பார்க்கமாட்டாள். பஸ் ஹாரனைக் கேட்டு மாவு ஊற்றுவாள். எந்தக் கம்பெனி பஸ் என்பது ஹாரனிலேயே தெரியும் என்பாள். எல்லா ஹாரனும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டால், "ஒனக்கு காது கெடயாது, தெச்சி தெச்சி அடச்சிக்கிச்சி" என்பாள்.

வாடிக்கையாளர்களை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"டேய் பெயிண்ட் ஷாப்பு, கைய கழுவிட்டு தட்ட தொடு. குவாலிட்டி, நீ இன்னா அங்க நின்னுக்கினு வேடிக்க பாக்குற? இட்லியில குத்தம் கண்டுபுடிக்கிறியா?"

ஒரு பையனை முதல் நாளில் 'ஏ ஷிப்ட்டு' என்று கூப்பிட்டாள். அவன் பி ஷிப்டுக்குப் போனான், சி ஷிப்டுக்குப் போனான், பிறகு வேலையே மாறி ஆபீசுக்குப் போனான். கடைசிவரை ஏ ஷிப்ட்டுதான். "அக்கா, நான் இப்போ அக்கவுன்ட்ஸ்" என்று அவன் பரிதாபமாகச் சொன்னபோது, "கம்பெனிக்காரன் மாத்துவான். நான் மாத்தணும்னு சட்டம் கீதா?" என்றாள்.

இனி அந்தப் பொய்க்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஒரு வீட்டுக்காரர் இருந்தார். அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கடையில் அவரைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. மகளிருக்குத் தொழில் கடன் என்று டை கட்டிக்கொண்டு ஒருவன் வருவான்.

"அக்கா, எல்லாம் ரெடி. கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

"அவரைக் கேட்டுச் சொல்றேன்."

"எப்ப கேப்பீங்க?"

"நைட் ஷிப்டு போயிட்டு வந்து தூங்குறாரு. எழுப்புனா கடிப்பாரு."

அவனும் விடாமல் வந்தான். காலையில் வந்தான், மத்தியானம் வந்தான், விடுமுறை நாளில்கூட வந்தான். வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் அவன் நொந்துபோய்க் கேட்டான்: "அவருக்கு டே ஷிப்டே போட மாட்டாங்களாக்கா?"

"அவர நம்பித்தான் கம்பெனியில ராத்திரிய வுட்டு வெச்சிக்கிறாங்கோ" என்றாள் அக்கா.

அவன் அதோடு வரவில்லை.

கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்ய வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்தால், "அவரு சாமி கும்புடாதவரு, திட்டுவாரு" என்பாள். சாமி இல்லை என்று கூட்டம் போடுகிறவர்கள் வசூலுக்கு வந்தால், "அவரு மாலை போட்டுக்கிறாரே" என்பாள். முட்டை லோடுக்காரன் விலையை ஏற்றினால் வீட்டுக்காரர் வேறு கடையில் பேசி முடித்துவிட்டிருப்பார். கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் தன் ஆட்களுக்குத் தினமும் கடன் சாப்பாடு வேண்டும் என்று அதிகாரம் பண்ணியபோது, வீட்டுக்காரருக்குத் திடீரென்று ரத்தக்கொதிப்பு வந்து, அவரிடம் எதுவும் கேட்க முடியாமல் போனது. அவ்வளவு ஏன், சட்னி இருக்கிறது பாருங்கள், இரண்டு தடவை அவளே ஊற்றுவாள். மூன்றாவது தடவை கேட்டால், "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்பாள். வரிசையே சிரிக்கும். கேட்டவனும் சிரித்துக்கொண்டு மிச்ச இட்லியை வெறுமனே விழுங்குவான்.

இப்படியே அந்த மனிதர் வளர்ந்தார். பட்டாளத்தில் இருந்தவர் என்றார்கள். லாரி சங்கத்தில் பெரிய ஆள் என்றார்கள். ஒரு கேஸில் உள்ளே போய்விட்டு வந்தவர் என்று எங்கள் வரிசைப் பூக்காரப் பெண்மணி என்னிடமே ரகசியமாகச் சொன்னார்.

ஒருநாள் அக்கா துணியோடு என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஆம்பள சட்டை ஒண்ணு தெச்சிக் குடு."

"அளவு சட்டை கொண்டாந்திருக்கீகளாக்கா?"

"அளவு இன்னாத்துக்கு? பாத்தா பயம் வரணும். அந்த அளவு."

தைத்தேன். நான் தைத்ததிலேயே பெரிய சட்டை அதுதான். அதை வாரம் ஒருமுறை துவைத்துக் கடைக்குப் பின்னால் கொடியில் காயப்போடுவாள். காற்றடித்தால் அது இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஆடும். வசூலுக்கு வருகிறவர்களின் கண் முதலில் அங்கேதான் போகும். துவைத்துத் துவைத்து வெளுத்துப் போனதும் இன்னொன்று தைக்கச் சொன்னாள். எதற்கு என்றேன். "மனுசனுக்கு மாத்து சட்டை இல்லன்னு ஊரு பேசாது?" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் நேராகக் கேட்டேன். "நெசமாச் சொல்லுங்கக்கா. அவரு எங்கதான் இருக்காரு?"

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கு இன்னா தெரியும்? இந்த ரோட்டுல மொத கம்பெனி வந்தப்ப போனாரு. வேலைக்கு ஆள் எடுக்குறாங்களான்னு பாத்துட்டு வரேன்னாரு. இன்னும் பாத்துக்கினு கீறாரு."

"தேடலையா?"

"எதுக்கு? வூட்ல இருந்தப்ப ஒரு துரும்ப எடுத்து அந்தாண்ட போட்டதில்ல. போனதுக்கப்பால பாரு, கடைக்கி எவ்ளோ ஒயிக்கிறாரு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் வேணாம்னு சொன்னா, ஏன் வேணாம், எதுக்கு வேணாம்னு நாள் பூரா நின்னு கேப்பானுங்கோ. அவரு வேணாம்னாருன்னு சொன்னா போயிடுவானுங்கோ. அவ்ளோதாண்டி."

அவ்வளவுதான். எங்கள் வரிசையில் கடை போட்டிருந்த பெண்கள் எல்லோரும் இதைத்தான் செய்தோம். பூக்காரப் பெண்மணியின் கணவர் பகலிலேயே போதையில் சுருண்டு கிடப்பார். ஆனால் யாராவது வம்பு பண்ணினால், "அவரு காதுக்குப் போனா கொலை விழும்" என்பார் அந்தப் பெண்மணி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். போலீஸ் வேலைக்கு உடல் தேர்வு முடித்தவன். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

சிரிக்க மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு ஒருவன் அக்கா கடையில் உட்கார்ந்துகொண்டு, மேரியின் கையைப் பிடித்தான். கூட்டம் இருந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அக்கா திட்டவில்லை, கத்தவில்லை. பின்பக்கம் திரும்பி, "ஏங்க, செத்த இப்டி வாங்க" என்று மட்டும் கூப்பிட்டாள். பின்னால் சாக்கடையையும் சட்டையையும் தவிர ஒன்றும் கிடையாது. அவன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். நான் சொன்னாலும் ஓடியிருக்கமாட்டான், அக்கா சொன்னாலும் ஓடியிருக்கமாட்டான். இல்லாத ஒரு ஆம்பளைக்குப் பயந்து ஓடினான். இங்கே பெண்கள் கடை நடத்துகிற லட்சணம் இதுதான்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள்.

தொழிற்பேட்டைப் பகுதியில் பெண்களின் சிறுதொழில் என்று உங்கள் ஆராய்ச்சி. வேன், வெயில் தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட், கூட நாலைந்து மாணவிகள். இதெல்லாம் சரி. வந்த நேரம் இருக்கிறதே, ஏ ஷிப்ட் விட்டு பி ஷிப்ட் இறங்குகிற நேரம். அந்த நேரத்தில் அக்காவிடம் அவளுடைய தாயார் வந்து பேசினாலும் பதில் வராது. உங்கள் மாணவிகளில் கண்ணாடி போட்ட ஒரு பெண், பாவம், கல்லுக்குப் பக்கத்திலேயே புகையில் நின்றுகொண்டு ஆரம்பித்தது.

"அக்கா, உங்க தொழிலோட தொலைநோக்கு என்ன?"

"இன்னாது?"

"அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

"இங்கதான். பஸ்ஸு இங்கதான நிக்கிது?"

நான் ஊசியைக் கையில் குத்திக்கொள்ளாமல் சிரித்தது பெரிய விஷயம்.

"கடைக்கு சாமான் எங்க வாங்கணும்னு முடிவு பண்றது யாருக்கா?"

"அவருதான்."

இதைச் சொல்லிக்கொண்டே, பக்கவாட்டில் வந்து நின்ற முட்டை லோடுக்காரனிடம், "போன தபா பாதி ஒடஞ்சி கெடந்திச்சி, இனிமே இந்தப் பக்கம் வராத, போ" என்று அவனை அனுப்பினாள்.

"விலை வைக்கிறது?"

"அவரைக் கேட்டுத்தான்."

மேரியைக் கூப்பிட்டு, பலகையில் கல்தோசை விலையை அழித்து ஏற்றி எழுதச் சொன்னாள்.

"வேலைக்கு ஆள் வைக்கிறது?"

"அவரு சொல்லணும்மா." அப்புறம் சத்தமாக, "ஏய், நாளைக்கு ஒந்தங்கச்சியையும் இட்டுக்கினு வா, எனக்கு ஆள் பத்தல!" என்றாள் மண்ணூர்ப் பெண்ணிடம்.

"அப்ப கடையில உங்க வேலை என்னக்கா?"

"நானா? நான் சும்மா ஒத்தாசைக்கு."

கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு எழுதுகிற கருவியோடு வந்து, இந்தக் கடை யாருடையது என்று கேட்கிறவர்களிடம், என்னுடையது என்று எங்கள் வரிசையில் லேசில் எவளும் சொல்லமாட்டாள். அப்படிக் கேட்டு வந்தவர்களால் எங்களுக்கு நல்லது நடந்ததே இல்லை. அக்கா உங்களைக் கடன் கம்பெனி என்று நினைத்தாள். உங்கள் மாணவியின் கண்ணுக்கு முன்னால் ஒரு முதலாளி கடை நடத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்து, அவள் வாயிலிருந்து வந்ததை மட்டும் பதிந்துகொண்டிருந்தது. அது படிக்கிற பிள்ளை. அதை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள்?

நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கல்தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். நன்றாகச் சாப்பிட்டீர்கள். இரண்டு தடவை சட்னி வாங்கினீர்கள். மூன்றாவது தடவையும் கேட்டீர்கள். அக்கா வழக்கம்போல, "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

வரிசை சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தீர்கள். உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். மாணவிகளைப் பக்கத்தில் கூப்பிட்டு இங்கிலீஷில் சொன்னீர்கள். எனக்கு லைனில் பழகிய இங்கிலீஷ் போதும், புரிந்தது. பாருங்கள், ஒரு கரண்டி சட்னிகூட இவள் கையில் இல்லை என்றீர்கள். அக்காவின் தோளைத் தொட்டு ஆறுதல் வேறு சொன்னீர்கள். நீங்கள் வேனில் ஏறியதும் அக்கா என்னைப் பார்த்து, "இன்னாத்துக்குடி அந்தம்மா அயுவுது? சட்னியில காரமா?" என்று கேட்டாள்.

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்ததற்குப் பலன் பிறகு வந்தது.

ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள், வரிசை முழுக்கக் காலி என்றார்கள். பதிலுக்கு பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஷட்டர் வைத்த கடைகள் கட்டி, சொந்தமாகத் தொழில் செய்யும் பெண்களுக்குக் கொடுப்பார்களாம். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். ஷட்டர் கடை என்பது அவளுக்கு எத்தனையோ வருடத்து ஆசை. தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் வைக்கச் சொல்லலாம் என்றுகூட மேரியோடு சண்டை போட்டாள்.

ஸ்ரீபெரும்புதூரில் தாலுகா ஆபீஸ் சுவரில், கடை கிடைக்கப்போகிறவர்களின் பட்டியலை ஒட்டினார்கள். யார் யார் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் என்பதற்கு உங்கள் ஆராய்ச்சி அறிக்கைதான் ஆதாரம். அதில் என் பெயர் இருந்தது. புருஷன் பெயர் என்ன என்று உங்கள் மாணவி கேட்டபோது, புருஷனும் இல்லை ஒருத்தரும் இல்லை, எல்லாம் நானேதான் என்று எரிச்சலில் சொல்லியிருந்தேன். அதனால் ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு பாதி நாள் ஊர்க்கதை பேசும் நான் தொழில்முனைவோர். மூன்று பெண்களுக்குச் சம்பளம் கொடுத்து, இரண்டு ஷிப்டுக்குச் சோறு போட்ட அக்காவின் பெயர் இல்லை.

எங்கள் வரிசையில் இருந்த பிரியாணிக் கடைக்காரருடைய மனைவியின் பெயர் இருந்தது. நீங்கள் வருவது தெரிந்து அவர் மனைவிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது எங்களுக்கெல்லாம் தெரியும். "யாரு கேட்டாலும் நாந்தான் ஓனருன்னு சொல்லு." அந்தம்மா ஒப்பித்தார். இன்றைக்கு அந்தக் கடைக் கல்லாவில் புருஷன்தான் உட்கார்ந்திருக்கிறார். அந்தம்மாவை நான் ஷட்டருக்கு மேலே இருக்கும் போட்டோவில்தான் பார்க்கிறேன். ஒருத்தி புருஷன் சொல்லி 'நான்' என்றாள். இன்னொருத்தி புருஷனே இல்லாமல் 'அவர்' என்றாள். இரண்டையும் அப்படியே எழுதிவிட்டு அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்தீர்கள்.

அக்காவோடு நானும் அதிகாரியைப் பார்க்கப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இங்க பாருங்கம்மா. நீங்க சம்பளம் இல்லாத உதவியாளர்னு போட்டிருக்கு. கடை உங்க வீட்டுக்காரரோடது. அவரை வரச்சொல்லுங்க, வேற திட்டத்துல பார்க்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். 

"அவரு இல்ல சார்."

"எங்க போயிருக்காரு?"

"தெரியாது சார்."

"எப்ப வருவாரு?"

"வரமாட்டாரு சார். எப்பவோ போயிட்டாரு. கடைய போட்டதே அதுக்கு அப்பாலதான்."

"அப்ப முடிவெல்லாம் அவருதான் எடுக்குறார்னு எப்படிச் சொன்னீங்க?"

"எல்லார்கிட்டயும் அப்டித்தான் சார் சொல்லுவேன். சொல்லலன்னா கடைய நடத்த முடியாது சார்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவள் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருடம் கட்டிக் காத்த காவல்காரனை அவளே ஆபீஸ் மேஜை மேல் போட்டு உடைத்தாள். பின்னால் நின்ற கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் வெள்ளைச் சட்டைக்காரர்களும் இருந்தார்கள்.

அதிகாரி அறிக்கையை மூடி வைத்தார். கல்லூரியிலிருந்து, இது தவறாகப் பதிவாகிவிட்டது என்று ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் செய்யலாம் என்றார்.

அதற்காகத்தான் சென்னைக்கு உங்கள் கல்லூரிக்கு வந்தோம். அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். பஸ்ஸில் என்னவென்று கேட்டேன். "சட்னி. அன்னிக்கி அந்தம்மா மூணாந்தபா கேட்டாங்கோ, குடுக்கல. பாவம், மனசு வுட்டுப்போச்சி போல" என்றாள். ஒன்றரை ஆள் சாப்பிடுகிற இட்லியும் கூட இருந்தது.

வாட்ச்மேன், பியூன், நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள் என்று சொல்ல ஒருவர், மீட்டிங் முடியவில்லை என்று சொல்ல இன்னொருவர். எல்லாவற்றையும் தாண்டி உங்கள் அறைக்குள் வந்தோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் பொறுமையாகத்தான் கேட்டீர்கள். மறுக்கமாட்டேன். கேட்டுவிட்டு என்ன சொன்னீர்கள்?

"உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா டேட்டா க்ளோஸ் ஆயிடுச்சு. அதோட, இது அவங்களே சொன்ன பதில். ஒரு பெண்ணோட குரலை மாத்தி எழுத எங்களுக்கு உரிமை இல்ல. அது ரிசர்ச் எத்திக்ஸ்."

"மேடம், அதே பொம்பளைதான் இப்ப உங்க முன்னால நின்னு வேற சொல்றாங்க. இது யாரு குரல்?" என்று கேட்டேன்.

நீங்கள் அக்காவின் பக்கம் திரும்பி, இரக்கத்தோடு சொன்னீர்கள்: "அடுத்து, கணவனால் கைவிடப்பட்ட பெண்களைப் பத்தி ஒரு ஸ்டடி பண்றோம். நீங்க அதுல கலந்துக்கணும். உங்க கதை ரொம்ப முக்கியம்."

அக்கா எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"அவரைக் கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றாள்.

அதையும் நீங்கள் குறித்துக்கொண்டீர்கள்.

தூக்குச்சட்டியை உங்கள் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள். நான் திரும்பிப் போய் எடுத்துவரப் பார்த்தேன். "வுடுடி, துன்னட்டும். அந்தம்மா தப்பான ஆளு இல்ல. கேக்கத் தெரில, அவ்ளோதான்" என்றாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

வரிசையை இடித்துவிட்டார்கள். அக்கா இப்போது இருங்காட்டுக்கோட்டையில், வடநாட்டுப் பையன்கள் தங்கும் ஒரு லாட்ஜில் யாருடைய மெஸ்ஸிலோ சமைக்கிறாள். அங்கே முதலாளி ஒருவர் இருக்கிறார். எத்தனை கரண்டி ஊற்ற வேண்டும் என்று அவர்தான் சொல்கிறார். உங்கள் அறிக்கையில் எழுதியிருந்தபடியே ஆகிவிட்டது. இப்போது நிஜமாகவே சட்னி அவள் கையில் இல்லை. மேரி ஒரு கம்பெனியில் பாத்ரூம் கழுவுகிறாள்.

நான் என் ஷட்டர் கடையை அக்காவுக்கு மாற்றித் தருகிறேன் என்றேன். விதியில் இடமில்லையாம், தையலுக்குக் கொடுத்ததில் அடுப்பு வைக்கக்கூடாதாம். அக்காவும் கெட்ட வார்த்தையில் திட்டினாள். "ஓங்கடைய நீ நடத்துடி. என்னுத நான் நடத்துவேன்" என்றாள். ஆனால் புது ஷட்டர் வரிசையில் ஒரு கடை இன்னும் யாருக்கும் ஒதுக்காமல் பூட்டிக் கிடக்கிறது. நான் அடிக்கடி ஆபீசுக்குப் போய் நிற்கிறேன். கல்லூரியிலிருந்து அந்த ஒரு வரி வந்தால் போதும் என்று அதிகாரி இன்றைக்கும் சொல்கிறார். எத்தனை நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று தெரியாது. அந்தப் பூட்டின் மேல் எத்தனையோ ஆம்பளைகளுக்குக் கண்.

உங்கள் அறிக்கைக்கு ஏதோ கூட்டத்தில் பாராட்டு கிடைத்ததாக அந்தக் கண்ணாடி போட்ட பெண் போனில் சொல்லி அழுதது. நீங்கள் அக்கா கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எடுத்த படம்தான் முன்னட்டையாம். அந்தப் படத்தில் அக்கா கையை ஓங்கிக்கொண்டு ஒருவனை மிரட்டிக்கொண்டிருப்பாள். உதவியாளர் இருக்கிற அழகைப் பாருங்கள்.

ஷிப்ட் மாறும் நேரத்தில் பையன்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கள் புதுக் கடைகளுக்கு முன்னால் ஒரு நிமிடம் சும்மா நிற்கிறார்கள். கையைக் கழுவினாயா என்று ஒருத்தி கத்துவாள் என்று எதிர்பார்த்து நிற்கிறார்கள். யாரும் கத்துவதில்லை. நானும் மெஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துப் பார்க்கிறேன். அவளிடம் திட்டு வாங்காமல் எனக்குச் சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது.

பேராசிரியர் அம்மா, கடிதமெல்லாம் எங்களுக்கு ரகசியமாக அனுப்ப வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள். அந்தக் கடையை நடத்தியது யார்?